முகிலில் ஒரு கொழுந்துக் கணக்கு

(சங்க ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இவ்விழாவிலே பேசவேண்டுமென்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, எதைப்பற்றிப் பேசுவது என்று அவரையே கேட்டேன். “நீ படிப்பது எதுவோ அதைப்பற்றிப் பேசு, ஆனால் எங்கள் எல்லோருக்கும் விளங்கவேண்டும்” என்றார். முற்பாதி எளிது, பிற்பாதியை நினைத்து இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. முகிலுக்கென்றே மென்பொருள் எழுதத் தொடங்குவது எவ்வாறு என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். லிந்துலையிற் பிறந்தவனுக்கு முகிலைப்பற்றி ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டுவதில்லை. மழைக்காலத்தில் பிற்பகல் மூன்று மணிக்கே அது லயத்து வாசலுக்கு வந்து நிற்கிறது. ஆனால் நான் சொல்ல வந்த முகில் வேறு.

ஒரு காலத்தில் தேயிலைத் தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய சக்தியைத் தாமே உண்டாக்கிக்கொண்டன. ஆற்றோரத்து நீர்ச்சக்கரமோ, எண்ணெய் எஞ்சினோ இல்லாமல் ரோதை சுழலாது. இன்று அப்படியில்லை. தலவாக்கலையில் அணைகட்டி, 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 150 மெகாவாட் வலுவுடையது. அந்த மின்சாரம் எந்த ஊர் விளக்கில் எரிகிறதென்று எவரும் பார்ப்பதில்லை. மீற்றர் ஓடிய அளவுக்குக் காசு கட்டுகிறோம், அவ்வளவே. கணினியிலும் இதுவே நடந்தது. பெரிய கட்டிடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகளை நிறுவி, அவற்றின் வேலைநேரத்தை வாடகைக்கு விடுகிறார்கள். அமேசன் நிறுவனம் 2006 இல் இதைத் தொடங்கிற்று. பின்னர் மற்றவர்களும் தொடர்ந்தனர். நமக்கு அண்மையில் மும்பாயிலும் சிங்கப்பூரிலும் அத்தகைய நிலையங்கள் உண்டு. இப்படி எங்கோ இருக்கும் கணினியைக் கம்பி வழியாக வாடகைக்குப் பிடிப்பதையே முகில் என்கிறார்கள். பெயரைக் கேட்டு மேலே அண்ணாந்து பார்க்க வேண்டாம்.

கணக்கு வேலையை வாடகைக்குச் செய்து கொடுப்பது புதிய யோசனையுமன்று. வியாபாரக் கணக்குக்கென உலகில் முதன்முதல் ஒரு கணினியை ஓட்டியவர்கள் தேயிலைக்காரர்களே என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாயிருந்தது. இங்கிலாந்தில் தேநீர்க் கடைகளும் தேயிலை வியாபாரமும் நடத்திய லயன்ஸ் கம்பெனி 1951 இல் ‘லியோ’ என்ற கணினியைத் தன் பேக்கரிக் கணக்குக்குப் பயன்படுத்தியது. சில ஆண்டுகளில் போர்ட் மோட்டார் தொழிற்சாலைத் தொழிலாளரின் சம்பளக் கணக்கையும் அதே கணினியிற் போட்டுக் கொடுத்தார்கள். பிறருடைய செக்ரோலைத் தன் யந்திரத்தில் ஓட்டிக் காசு வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். அதில் வெட்கப்படும்படியான பகுதியும் இருக்கிறது.

என் அம்மா கொழுந்து பறிப்பவர். நாளைக்கு மூன்று தடவை நிறுவை. தராசில் எத்தனை கிலோ என்று சத்தமாகச் சொல்லுவார்கள், கணக்கில் பதிவார்கள், மாத முடிவிற் சம்பளத் துண்டு வரும். இடையில் நின்ற முப்பது நாள் இலக்கங்களைப் பறிக்கிறவர் தம் மனத்தில்தான் வைத்திருக்க வேண்டும். அம்மா மட்டும் என்னுடைய பழைய கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைப்பார். பல்கலைக்கழகத்திலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது அந்தக் கொப்பியைப் பார்த்தேன். இதைக் கணினியிற் போடலாமே என்று தோன்றிற்று. பத்து நாளில் ஒரு நிரலை எழுதினேன். எங்கள் லயத்தில் பன்னிரண்டு குடும்பத்துப் பெண்கள், கைத்தொலைபேசியில் அன்றன்றைய கிலோவைத் தட்டினால் அது என் மடிக்கணினிக்கு வந்து சேரும். மாத முடிவிற் கூட்டுத்தொகையும் சம்பளமும் காட்டும். மடிக்கணினி எங்கள் காம்பராவில் தகரப்பெட்டியின்மேல் இராப்பகலாக விழித்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதற் பிழை நாட்சம்பளத்தில் வந்தது. 2021 முதல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக இருந்தமையால் நிரலுக்குள்ளே நாலு இடத்தில் ஆயிரம் என்று எழுதியிருந்தேன். 2024 இல் அது 1350 ஆயிற்று. மூன்று இடத்தில் மாற்றினேன், நாலாவதை மறந்தேன். பக்கத்துக் காம்பரா அக்காதான் பார்த்துச் சொன்னார்: “தம்பி, உன் பெட்டிக்குச் சம்பள உயர்வு இன்னும் கிடைக்கவில்லை போல.”

இரண்டாவது, ஒரு மாலை மழையில் மின்சாரம் நின்றது. வாசலில் அணைக்கட்டு இருந்தாலும் கம்பியில் மரம் விழுந்தால் நமக்கும் இருட்டுத்தான். மடிக்கணினியின் பழைய பற்றறி பத்து நிமிடமும் தாங்கவில்லை. அன்று வந்த இலக்கங்களை இரவில் ஒருமிக்க எழுதி வைப்பதாக ஏற்பாடு. அதுவரை நிரலின் நினைவிலே மட்டும் இருந்தன. பன்னிரண்டு வீட்டுக் கொழுந்தும் அன்று காற்றோடு போயிற்று.

மூன்றாவதைச் சொல்லத்தான் தயக்கமாயிருக்கிறது. மலையில் தொலைபேசி அலை சில இடங்களில் வரும், சில இடங்களில் வராது. அம்மா பதினெட்டு என்று தட்டுவார், பதில் வராது, மறுபடியும் தட்டுவார். உண்மையில் முதல் தடவையே இலக்கம் வந்து சேர்ந்திருக்கும். திரும்பிப்போன பதில்தான் வழியில் அறுந்திருக்கும். என் நிரல் இரண்டையும் கூட்டிற்று. ஒரு மாதத்தில் மூன்று நாள் இப்படியாயிற்று. 54 கிலோ மிகுதியாகக் காட்டிற்று. சம்பளத் துண்டில் அத்தொகை இல்லை. மகன் போட்ட கணக்கு என்ற நம்பிக்கையில் அம்மா ஆபீசுக்குப் போய்ப் பலர் முன்னிலையிற் கேட்டார். அங்கிருந்தவர் கோபிக்கவில்லை; நாள்நாளாக வாசித்துக் காட்டினார். அவருடைய கணக்குச் சரி. அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பழைய கொப்பியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினார்.

நண்பர்களே, என் நிரலை அப்படியே தூக்கி மும்பாயிலுள்ள கணினியில் வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மின்சாரத் தடை ஒன்று குறைந்திருக்கும். அங்கேயும் யந்திரம் பழுதாகும். திருத்த வேலைக்காக நிறுத்துவார்கள். நினைவில் மட்டும் இருந்த இலக்கம் அங்கேயும் அழியும். சம்பளப் பிழையும் இரட்டைக் கணக்கும் கடல் தாண்டியும் கூடவே போயிருக்கும். முகிலில் ஓடுவது வேறு, முகிலுக்கென்று எழுதப்படுவது வேறு. எந்த யந்திரமும் எந்நேரமும் நிற்கலாம், எந்தச் செய்தியும் வராமற் போகலாம் அல்லது இருமுறை வரலாம் என்று தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டு, அப்படி நடந்தாலும் ஒருவர் கணக்கும் பிசகாதபடி எழுதுவதே இரண்டாவது. இதை நான் பாடப்புத்தகத்தில் முன்பே படித்திருந்தேன். விளங்கியது அம்மா கொப்பியை எடுத்த அன்றுதான்.

மீண்டும் எழுதினேன். மாறக்கூடிய இலக்கங்களை நிரலுக்கு வெளியே தனித் தாளில் வைப்பது முதல் வேலை. ஹெரோக்கு என்ற நிறுவனத்துப் பொறியியலாளர்கள் 2011 ஆம் ஆண்டளவில் இப்படியான பன்னிரண்டு விதிகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். தொடக்கக்காரர் எவரும் ஒருநாள் ஒதுக்கி அவற்றை வாசிக்கலாம். அடுத்து, நிரல் தன்னிடம் எதையும் சேர்த்து வைக்காமல், வந்த இலக்கத்தை உடனே வேறிடத்துத் தரவுத்தளத்திற் பதிந்துவிட்ட பின்பே “கிடைத்தது” என்று பதில் சொல்லவேண்டும். அப்போது நிரல் செத்தாலும் கணக்குச் சாகாது. வேறொரு பிரதி வந்து வேலையைத் தொடரும்.

இரட்டைக் கணக்குக்கு மருந்து நம் தபாற்கந்தோரிலேயே இருக்கிறது. காசுக்கட்டளை ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கமுண்டு. ஒரே இலக்கத்தை இருமுறை நீட்டினாலும் காசு ஒருமுறைதான். அதுபோல, அம்மா பதினெட்டு என்று தட்டும் அந்த நொடியிலேயே தொலைபேசி அந்தப் பதிவுக்கு ஓர் இலக்கம் இடுகிறது. பத்துமுறை அனுப்பினாலும் இலக்கம் அதுதான். நிரல் முதல் வரவைக் கூட்டும். மற்றவற்றுக்குக் “கிடைத்தது” என்று மட்டும் சொல்லும். இருபது வரி வேலை. அந்த இருபது வரியை முதலிலேயே எழுதியிருந்தால் அம்மா ஆபீஸ் வாசலில் நின்றிருக்க வேண்டியதில்லை.

பெட்டியைப்பற்றியும் சொல்லவேண்டும். முன்னாளில் தேயிலையை மரப்பெட்டியில் அடைத்து, தோட்டத்துக் குறியும் தரமும் நிறையும் வெளியில் எழுதி அனுப்புவார்கள். அது மாட்டு வண்டியிற் போனாலும் ரயிலிற் போனாலும் கப்பலிற் போனாலும் உள்ளே இருப்பது மாறாது. நிரலையும் அதற்கு வேண்டிய துணைப்பொருள் அனைத்தையும் அவ்வாறு ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால், என் மடிக்கணினியில் ஓடியது எங்கும் ஓடும். இவ்வசதி லினக்ஸ் இயங்குதளத்தில் முன்னரே துண்டு துண்டாக இருந்தது; 2013 இல் வெளிவந்த டொக்கர் அதை எல்லோர் கைக்கும் எட்டச் செய்தது. 2015 இல் பெட்டியின் அமைப்பைப் பொது விதியாக வகுத்தார்கள். ஆகவே ஒரு கம்பெனியின் பெட்டி மற்றொரு கம்பெனியின் கப்பலிலும் ஏறும்.

பெட்டிகள் நூறு, ஆயிரம் என்று பெருகினால் மேய்ப்பது யார்? அதற்கு ஒரு மேற்பார்வை நிரல் வேண்டும். கூகிள் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட குபர்நெட்டிஸ் அத்தகையது. கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். நமக்கு விளங்கும்படி சொன்னால் அது காலைப் பிரட்டு. எட்டாம் நம்பர் மலைக்குப் பன்னிரண்டு ஆள் வேண்டுமென்றால், கங்காணி தலையை எண்ணிப் பார்த்து, ஒருவர் குறைந்தால் மற்றொருவரை அனுப்புகிறார். குபர்நெட்டிசிடமும் எப்படிச் செய்யவேண்டுமென்று சொல்வதில்லை. இத்தனை பிரதி இருக்கவேண்டுமென்று எழுதிக் கொடுத்தாற் போதும். அது ஓயாமல் எண்ணிக்கொண்டேயிருக்கும். ஒன்று விழுந்தால் வேறொன்றை எழுப்பும். நம் பிரட்டு நாளைக்கு ஒருமுறை. அதனுடையது சதா காலமும். ஆனால் தொடக்கத்திலேயே இதைக் கட்டிப் பிடிப்பது வீண் என்பது என் அபிப்பிராயம். பன்னிரண்டு வீட்டுக் கணக்குக்கு அது யானையைக் கட்டித் தீனி போடும் கதை. என் நிரல் இன்றுவரை ஒரு சிறிய வாடகைக் கணினியிற்றான் ஓடுகிறது. குபர்நெட்டிஸ் தெரிந்தவனுக்கு உத்தியோகம் கிடைக்கும் என்பது உண்மை. அதற்காகப் படியுங்கள், ஆனால் எல்லாவற்றிலும் அதை மாட்டி விடாதீர்கள்.

பெரியோர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று. நம் முன்னோர் காலத்தில் துண்டு முறை என்றொன்று இருந்தது. கடன்பட்ட தொழிலாளி, துரை கொடுக்கும் துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக இயலாது. 1921 இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்தக் கொடுமையோடு எதையும் ஒப்பிட நான் வரவில்லை. என்றாலும் முகிற் கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்கிறவனுக்கு அது நினைவில் இருப்பது நல்லது. அவர்களுக்கே உரிய சில வசதிகளை முதலில் மலிவாகத் தருவார்கள். நம் நிரலை அவற்றோடு பின்னிவிட்டால், வாடகை ஏறும்போது வெளியேற வழியிராது. சேர்த்த தரவை வெளியே எடுக்கவும் சிலர் கட்டணம் வாங்குகிறார்கள். ஆதலின் பொது அமைப்பிலுள்ள பெட்டியில் அடைத்து, எவரும் திறந்து படிக்கக்கூடிய தரவுத்தளத்தில் எழுதுங்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகத் தனக்குச் சொந்தமில்லாத லயக்காம்பராவில் வாழ்ந்த சமூகத்துப் பிள்ளைக்கு, இதை வேறு யாரும் விளக்க வேண்டுமா?

சென்ற மாதம் ஒரு முதியவர் என்னிடம், “எங்கள் கிலோவைப் பிறதேசத்துக் கணினியில் எழுதுகிறாயே, அதை யார் யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம் நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இருப்பது ஒருபுறமிருக்க, நான் இப்போது பெயர்களை அனுப்புவதில்லை. வீட்டுக்கு ஓர் இலக்கம் மட்டும். எந்த இலக்கம் எவர் வீடு என்ற தாள் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

இவையெல்லாம் அமெரிக்காவில் நடக்கும் காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்திற் பணியாற்றி நாடு திரும்பிய சஞ்சீவ வீரவரணவும் அவருடைய சகாக்களும் 2005 இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் பெரும்பகுதி வேலை கொழும்பில் நடக்கிறது. வெவ்வேறு கணினிகளை ஒன்றோடொன்று பேசவைப்பதே அவர்கள் தொழில். 2024 இல் ஈ.கியூ.டி. என்ற சுவீடன் நாட்டு முதலீட்டு நிறுவனம் அதனை வாங்கிற்று. அந்நிறுவனத்தார் முகிலுக்கென்றே பலெரினா என்ற நிரல்மொழியை உருவாக்கி, 2017 இல் அறிவித்து, 2019 இல் முதற் பதிப்பை வெளியிட்டார்கள். எக்ஸ்.எம்.எல். ஆக்கத்திற் பெயர்பெற்ற ஜேம்ஸ் கிளார்க் மொழியின் வடிவமைப்பில் முக்கிய பங்காற்றினார். யாரும் காசின்றிப் பயன்படுத்தலாம். மூல நிரலையும் பார்க்கலாம்.

அம்மொழியைக் கற்றபோது, என் மூன்று பிழைகளில் இரண்டை யாரோ எனக்கு முன்பே செய்து வருந்தியிருக்கிறார்கள் என்று பட்டது. வெளியிலிருந்து வரும் பெறுமதியைக் குறிக்க அதில் தனிச் சொல்லே உண்டு. நாட்சம்பளத்தை அச்சொல்லோடு அறிவித்துவிட்டால், நிரலைத் தொடாமல் வெளித்தாளில் மாற்றலாம். கம்பி வழியாக ஒன்றைக் கேட்டால், விடை வரலாம் அல்லது பிழை வரலாம் என்றே அம்மொழி கருதுகிறது. பிழை வந்தால் என்ன செய்வது என்று எழுதாவிட்டால் நிரலை ஏற்றுக்கொள்ளவே மறுக்கும். எழுதி முடித்தபின் ஒரு கட்டளையில் டொக்கர்ப் பெட்டியையும், குபர்நெட்டிசுக்கு வேண்டிய தாள்களையும் அதுவே தயாரித்துக் கொடுக்கிறது. இரட்டைக் கணக்கை மட்டும் எந்த மொழியும் நமக்காகத் தீர்க்காது. அதை எழுதுகிறவன்தான் யோசிக்கவேண்டும்.

தொடங்க விரும்பும் தம்பி தங்கைகளுக்கு இதுதான் சொல்வேன். பலெரினாவோ பைதனோ, ஒரு மொழியை எடுத்து, ஒரேயொரு கேள்விக்குப் பதில் சொல்லும் சிறு சேவையை எழுதுங்கள். அது ஓடும்போது வேண்டுமென்றே நிறுத்துங்கள். ஒரே செய்தியை இருமுறை அனுப்புங்கள். கணக்குப் பிசகுகிறதா என்று பாருங்கள். பிசகாத பின் டொக்கர்ப் பெட்டியில் அடையுங்கள். பிரட்டு எப்படி நடக்கிறதென்று பார்க்க ஆசையிருந்தால், மினிகியூப் என்ற சிறிய குபர்நெட்டிசை வீட்டுக் கணினியிலேயே நிறுவலாம். அதற்கு இரண்டு சீப்பியூவும் 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி இடமும் ஒதுக்கினாற் போதும். வாடகை முகிலுக்குக் கடைசியாகப் போங்கள். பல கம்பெனிகள் கணக்குத் திறக்கும்போதே வங்கி அட்டை கேட்கும். சிலவற்றில் இலவசம் என்ற எல்லை தாண்டினால் பில் தானாக ஏறும். அண்ணன்மாரின் அட்டையைக் கேட்டு வாங்கிவிட்டு, கணினியை நிறுத்த மறந்து தூங்கிவிடாதீர்கள்.

கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே என்று அஞ்சவும் வேண்டாம். நான் படித்த மிஷன் பாடசாலையில் ஆங்கிலத்தை முதலில் மனனம் பண்ணுவித்தார்கள். அர்த்தம் இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. கணினிக் கையேடும் அப்படித்தான். பத்துமுறை வாசித்து, தட்டிப்பார்த்துப் பிழை வாங்கினால், பதினோராவது முறை விளங்கும்.

எங்கள் லயத்துப் பன்னிரண்டு வீட்டில் ஒன்பது வீட்டார் புது நிரலைப் பயன்படுத்துகிறார்கள். கடந்த நாலு மாதமும் சம்பளத் துண்டோடு ஒத்துவந்தது. ஒரு வீட்டுக்கு மட்டும் 6 கிலோ குறைந்திருந்தது. கேட்டபோது ஆபீசில் பார்த்துச் சேர்த்துக் கொடுத்தார்கள். அம்மா தொலைபேசியிலும் தட்டுகிறார், கொப்பியிலும் எழுதுகிறார். விடச்சொல்லி நான் கேட்கவில்லை.

விடுமுறை முடியும்வரை சனிக்கிழமைகளிற் பிற்பகல் இரண்டு மணிக்குச் சங்க வாசிகசாலையில் இருப்பேன். என்னிடம் ஒரு மடிக்கணினி உண்டு. வைத்திருப்பவர்கள் தங்களுடையதையும் கொண்டுவரலாம். மழையானால் விளக்கு நிற்கும். ஒரு மெழுகுவர்த்தியும் கொண்டுவாருங்கள்.